பரணில் கிடக்கும் கணிப்பொறி

யந்திரம் பழுதுற்றது என்பதும் யந்திரம் பயனற்றுப் போயிற்று என்பதும் ஒன்றல்ல. தையல் யந்திரம், சைக்கிள், நீர் இறைக்கும் மோட்டார் ஆகியவற்றின் விஷயத்தில் இவ்வேறுபாட்டை நம் நாட்டு மக்கள் நன்கு அறிந்திருக்கின்றனர். சைக்கிளின் டியூப் பஞ்சரானால் எவரும் சைக்கிளை விற்றுவிடுவதில்லை. ஆனால் மேசைக் கணிப்பொறி ஒருநாள் இயங்க மறுத்தாலும், நாளுக்கு நாள் மந்தமானாலும், அதனுள் யாது நேர்ந்தது என்று பார்ப்பவர் சிலரே. அது முதலில் அறையின் மூலைக்கும், பின்பு பரணுக்கும், இறுதியில் பழைய இரும்புக் கடைக்கும் போய்ச் சேருகிறது.

இவ்வாறு ஒதுக்கப்பட்ட பெட்டிகளைத் திறந்து பார்ப்பவர்கள் அறியும் செய்தி யாதெனில், பழுது பெரும்பாலும் ஒரு சில இடங்களிலேயே நேர்கிறது என்பதாகும். கணக்கிடும் வேலையைச் செய்யும் ப்ராசஸர் கெட்டுப் போவது அரிது. நாணயம் போன்ற ஒரு மின்கலம், தூசி அடைத்த ஒரு விசிறி, தொடர்பு விட்டுப்போன ஒரு ராம் தகடு, தேய்ந்துபோன ஒரு ஹார்டு டிஸ்க், நலிவுற்ற மின்வழங்கி ஆகியவையே வழக்கமான காரணங்கள். இவற்றுள் சிலவற்றைச் செலவே இல்லாமலும், சிலவற்றைச் சொற்பச் செலவிலும் சரிசெய்துவிடலாம். திருப்புளி ஒன்றும் மல்டிமீட்டர் ஒன்றும் பொறுமையும் உடைய ஆர்வலர் எவரும் இதனைத் தம் வீட்டு மேசையிலேயே செய்ய இயலும்.

இப்பணிக்கு 2025ஆம் ஆண்டில் ஒரு புதிய அவசியம் ஏற்பட்டது. விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருளுக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் நின்றன. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் ஏறத்தாழ 2017க்குப் பிற்பட்ட ப்ராசஸரையும் கேட்கிறது. ஆகவே, அதற்கு முற்பட்ட கோடிக்கணக்கான கணிப்பொறிகள் உலகெங்கும் ஒரே நாளில் பழையனவாகக் கருதப்பட்டுவிட்டன. முந்தைய நாள் மாலை வரை செவ்வனே இயங்கிய யந்திரம் மறுநாள் காலையில் கெட்டுவிடவில்லை. கெட்டது ஒரு கால அட்டவணையே. இத்தகைய பெட்டிகளை என்ன செய்வது என்னும் வினா பள்ளிகளிலும், நூலகங்களிலும், சிறு அலுவலகங்களிலும் எழுந்துள்ளது.

ஒதுக்கப்பட்ட அப்பெட்டியின் ஆற்றல் எத்தகையது என்பதை அறிய, நம் நாட்டின் கணிப்பொறி வரலாற்றைச் சற்றே நோக்கினால் போதும். பம்பாயிலிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், இதற்கு முன் கணிப்பொறி எதையும் கட்டியறியாத ஓர் இளைஞர் குழு 1950களில் ஒரு மின்னணுக் கணிப்பொறியை உருவாக்க முனைந்தது. அதன் முன்னோடி மாதிரி 1956இல் இயங்கியது. முழு யந்திரம் 1960இல் பணிக்கு வந்தது. 1962இல் அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் நினைவகம் 40 பிட்டுகள் கொண்ட 2,048 சொற்களே. அதாவது, இன்றைய அளவையில் 10 கிலோபைட். இன்று ‘இது உதவாது’ என்று பரணில் ஏற்றப்படும் 4 ஜிகாபைட் நினைவகமுள்ள கணிப்பொறி அதனினும் ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு கொள்ளளவு உடையது. டிஃப்ராக்கைக் கொண்டு விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக் கணக்குகளைத் தீர்த்தனர்.

முதலில் எர்த்

பெட்டியைத் திறக்கும் முன் கவனிக்க வேண்டியது பெட்டிக்கு வெளியே இருக்கிறது. அது சுவரிலுள்ள மூன்று துளைச் சாக்கெட்டின் பெரிய துளை. பழைய வீடுகள் பலவற்றில் இத்துளை பெயரளவில் மட்டுமே இருக்கும். அதன் பின்னால் எர்த் கம்பி இராது. இத்தகைய சாக்கெட்டில் இணைத்த கணிப்பொறியின் உலோகப் பெட்டியை வெறுங்காலுடன் நின்று தொட்டால் மெல்லிய சுருக்கென்ற உணர்ச்சி தோன்றும். டெஸ்டரை வைத்தால் அது மங்கலாக எரியும். ‘மின்கசிவு’ என்று கூறி மின்வழங்கியை மாற்றிவிடுவோர் உளர். புதிய மின்வழங்கியிலும் அதே உணர்ச்சி தொடர்வது கண்டு வியப்பர்.

இதன் காரணம் எளியது. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியின் நுழைவாயிலில், மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக இரு சிறிய கெப்பாசிட்டர்கள் உள்ளன. ஒன்று ஃபேஸ் கம்பியிலிருந்து பெட்டிக்கும், மற்றொன்று நியூட்ரல் கம்பியிலிருந்து பெட்டிக்கும் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால், அவற்றின் வழியே செல்லும் நுண்ணிய மின்னோட்டம் நிலத்துக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லையேல், இரண்டும் சமமாக இருத்தலின், பெட்டி 230 வோல்ட்டின் பாதியாகிய 115 வோல்ட் அளவில் தொங்கி நிற்கும். ஓடும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியரின் சிறு பகுதியே ஆதலின் அது உயிரைப் பறிக்காது. ஆனால் அது ஓர் எச்சரிக்கை. உள்ளே ஏதேனும் ஓர் உறை கிழிந்து ஃபேஸ் கம்பி உலோகத்தில் பட்டுவிடின், அப்போது தொடுபவரைக் காக்க எதுவும் இல்லை என்பதே அச்சுருக்கின் பொருள். மேலும், இவ்வாறு மிதக்கும் பெட்டியை வேறொரு கருவியுடன் கம்பி வழியாக இணைக்கும் கணத்தில், நுண்ணிய மின்சுற்றுகள் கருகிவிடுவதும் உண்டு. அச்சுப்பொறியையோ தொலைக்காட்சியையோ இணைத்தவுடன் ‘போர்ட்டு போய்விட்டது’ என்று கூறப்படும் பழுதுகளில் சிலவற்றுக்கு மூலம் இதுவே.

எர்த் இல்லாத இடத்தில் சிலர் சாக்கெட்டின் எர்த் முனையை நியூட்ரலுடன் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகின்றனர். சுருக்கென்ற உணர்ச்சி உடனே மறைந்துவிடும். மறைந்ததனால் வேலை நன்றாக முடிந்ததென்று எண்ணப்படும். ஆனால் எங்கேனும் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால், கணிப்பொறியின் உலோகப் பெட்டி முழுவதும் ஃபேஸாக மாறிவிடும். இதைவிடக் கொடிய பழக்கம் வேறில்லை. குடிநீர்க் குழாயுடனோ எரிவாயுக் குழாயுடனோ எர்த்தைக் கட்டுவதும் தவறே. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு முறையான எர்த் அமைப்பதே செய்யத்தக்கது. பழைய கணிப்பொறிக்காகச் செய்யும் இச்செலவு வீட்டிலுள்ள குளிர்பதனப் பெட்டிக்கும் சலவை யந்திரத்துக்கும் சேர்த்தே பயன்படும்.

மின்வழங்கியின் பின்புறத்தில் 115 என்றும் 230 என்றும் குறித்த சிவப்பு நிறச் சிறு ஸ்விட்ச் பழைய மாதிரிகளில் காணப்படும். நம் நாட்டில் அது எப்போதும் 230இலேயே இருத்தல் வேண்டும். 115இல் வைத்து இணைத்தால், உள்ளே மின்னழுத்தத்தை இரட்டிக்கும் சுற்று வேலை செய்யத் தொடங்கிக் கெப்பாசிட்டர்கள் துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஒலியுடன் வெடிக்கும். தூசி துடைக்கும்போது கை பட்டு இந்த ஸ்விட்ச் நகர்ந்துவிடுவது அபூர்வமன்று.

மின்வழங்கியைச் சோதித்தல்

பொத்தானை அழுத்தியும் எவ்வித அசைவும் இல்லையெனில், முதலில் ஐயுற வேண்டியது மின்வழங்கியே. ஆனால் அதன் உலோக உறையைத் திறத்தல் கூடாது. 230 வோல்ட் மாறுமின்சாரம் நேர்மின்சாரமாக மாற்றப்படும்போது அதன் உச்சமாகிய 325 வோல்ட் அளவுக்குப் பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்குகிறது. இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் சில நேரம் அது தங்கியிருக்கும். உறைக்கு வெளியே வரும் கம்பிகளைக் கொண்டே சோதனையை முடித்துவிடலாம்.

மதர்போர்டுக்குச் செல்லும் அகன்ற 24 முனை இணைப்பியைக் கழற்றி, அதன் பச்சைக் கம்பியையும் ஏதேனும் ஒரு கறுப்புக் கம்பியையும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணைத்தால், நல்ல நிலையிலுள்ள மின்வழங்கியின் விசிறி சுழலத் தொடங்கும். பின்னர் மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியில் வைத்து, மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். 5 சதவிகித ஏற்றத்தாழ்வு அனுமதிக்கத்தக்கது. அதாவது மஞ்சள் 11.4க்குக் குறையாமலும் 12.6க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். ஊதாக் கம்பியில் மட்டும், பொத்தானை அழுத்தாத நிலையிலும் 5 வோல்ட் இருக்கும். அந்த 5 வோல்ட் இல்லையெனில் பொத்தானை எத்துணை முறை அழுத்தினும் பயனில்லை. சில நிறுவனங்கள் தம் கணிப்பொறிகளுக்குத் தனி வகை இணைப்பிகளையும் வேறு நிறக் கம்பிகளையும் அமைத்துள்ளன. அவற்றில் மேற்கூறிய நிற முறையை நம்பிக் கம்பியிடுதல் ஆகாது.

சுமையின்றிச் சோதிக்கும்போது சரியான அளவு காட்டும் மின்வழங்கி, சுமை ஏறியதும் தளர்ந்து போவதுண்டு. கணிப்பொறி தொடங்கிச் சில விநாடிகளில் தானே அணைந்துவிடின் இவ்வையம் வலுப்பெறும். நண்பர் ஒருவரின் நல்ல மின்வழங்கியைச் சிறிது நேரம் இரவல் பெற்று இணைத்துப் பார்ப்பதே இதற்குத் திட்டவட்டமான சோதனை.

நாணய மின்கலமும் நாள்காட்டியும்

பரணில் ஓராண்டு இருந்த கணிப்பொறியைக் கீழிறக்கி இயக்கினால், அது பல்லாண்டுகளுக்கு முந்தைய ஒரு தேதியைக் காட்டக்கூடும். மதர்போர்டில் பதிந்துள்ள சி.ஆர்.2032 என்னும் நாணய மின்கலம் தீர்ந்தமையே காரணம். இவ்வெண்ணிலேயே அதன் அளவு அடங்கியுள்ளது: விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். அதன் மின்னழுத்தம் 3 வோல்ட். வெளி மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரச் சுற்றை ஓட்டிக்கொண்டிருப்பது இதன் வேலை.

அக்கடிகாரத்தின் இதயம் விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம். இவ்வெண் தற்செயலாகத் தேர்ந்ததன்று. 2ஐப் பதினைந்து முறை பெருக்கிக்கொண்டால் வருவது 32,768. ஆகவே, அதிர்வைப் பாதியாக்கும் எளிய சுற்று ஒன்றைப் பதினைந்து முறை அடுக்கினால், இறுதியில் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கிறது. கைக்கடிகாரத்திலும் இதே படிகமே உள்ளது.

தேதி தவறினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். இணையத்தில் பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழை அளிக்கின்றன. அச்சான்றிதழ் எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்பதைக் கணிப்பொறி தன் கடிகாரத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கிறது. கடிகாரம் 2010ஆம் ஆண்டில் நின்றால், இன்றைய சான்றிதழ்கள் அனைத்தும் இன்னும் பிறக்காதவையாகத் தோன்றும். வங்கி, அஞ்சல், ரயில்வே முன்பதிவு எதுவும் திறவாது. ‘இந்தக் கணிப்பொறியில் இணையம் வருவதில்லை’ என்று கைவிடப்படும் பெட்டியின் நோய் சில பத்து ரூபாய் மதிப்புள்ள ஒரு மின்கலமாக இருத்தல் கூடும்.

மின் இணைப்பைப் பிடுங்கிய பின், பழைய கலத்தை நகத்தால் நெம்பி எடுத்து, கூட்டல் குறி மேல்நோக்க, புதியதைப் பொருத்த வேண்டும். எடுத்த கலத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பது மிக முக்கியம். விழுங்கப்பட்ட நாணய மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துப் பெருந்தீங்கு விளைவிக்க வல்லது. தீர்ந்துபோன கலத்திலும் அதற்குப் போதிய மின்சாரம் எஞ்சியிருக்கும்.

தூசியும் வெப்பமும்

நம் நாட்டின் கோடையில் அறையின் வெப்பமே பல இடங்களில் 40 டிகிரி சென்டிகிரேடைத் தொடுகிறது. ப்ராசஸரின் மேலுள்ள அலுமினியத் தகடுகளின் இடையே கம்பளம் போலத் தூசி படிந்திருப்பின், விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்று செல்வதற்கு வழியில்லை. ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடின் யந்திரம் அணைந்துவிடும். பிற்பகலில் மட்டும் மந்தமாகும் கணிப்பொறிக்கு இதைத் தவிர வேறு விளக்கம் தேட வேண்டுவதில்லை.

மெல்லிய தூரிகையாலும் ஊதுகாற்றாலும் தூசியை அகற்றலாம். ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அது வரம்பு மீறிச் சுழன்று அச்சு தேய்வதுடன், சிறு டைனமோவாக மாறி மின்சாரத்தையும் திருப்பி அனுப்பும். பின்னர், ப்ராசஸருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பு போல் ஆகியிருப்பின், அதை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிய பசை இட வேண்டும். அதிகம் இட்டால் அதிகம் குளிரும் என்பது தவறான எண்ணம். உலோகத்தைவிடப் பசை வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் பின்தங்கியது. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களிலுள்ள காற்றை வெளியேற்றுவது மட்டுமே அதன் பணி.

வெப்பம் குறைவதனால் இன்னொரு நன்மையும் உண்டு. மதர்போர்டில் சிறு பீப்பாய்கள் போல் நிற்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி குறையுந்தோறும் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அவற்றின் தட்டையான உச்சி உப்பியிருந்தாலோ, அங்கே பழுப்பு நிறக் கசிவு காணப்பட்டாலோ, அவை தம் வேலையை முடித்துக்கொண்டன என்பது பொருள். 2000களின் தொடக்கத்தில் தரமற்ற மின்பகு நீர் கொண்ட கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் பரவி, எண்ணற்ற மதர்போர்டுகளைக் கெடுத்தன. பற்றவைக்கப் பழகியவர் அவற்றைக் கழற்றிப் புதியன பொருத்தலாம்; கொள்ளளவு அதேயாக இருத்தல் வேண்டும், வோல்ட் அளவு குறைதல் கூடாது. பற்றவைத்துப் பழகாதவர் மதர்போர்டிலேயே பழகத் தொடங்குவது நன்றன்று.

ராம் தகடு தளர்ந்து, இயக்கியவுடன் மீண்டும் மீண்டும் ஒலி மட்டும் எழுப்பும் கணிப்பொறிகளுக்கு, பழுதுபார்ப்போர் கையாளும் மருந்து பென்சில் அழிக்கும் ரப்பர். தகட்டின் பொன் பூசிய விளிம்பை அதனால் தேய்த்துப் பொருத்தினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். கடற்கரை ஊர்களின் உப்பு ஈரத்தில் இப்பழுது மிகுதி. மருந்து மெய்யானதே, எனினும் மென்மையான வெள்ளை ரப்பரையே பயன்படுத்த வேண்டும். மையழிக்கும் சொரசொரப்பான ரப்பர் பொன் பூச்சையே எடுத்துவிடும். அதற்கு மாறாக, குளிர்காலத்தில் தில்லி, ஜெய்ப்பூர் போன்ற வறண்ட காற்றுள்ள ஊர்களில் நிலைமின்சாரமே பகை. விரல் நுனியில் பொறி தெறிப்பதை மனிதன் உணர்வதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சில நூறு வோல்ட்டிலேயே நுண்சுற்றுகள் கெடக்கூடும். ஆகவே உணராமலேயே கெடுத்துவிடுவது இயல்பு. கம்பளிச் சட்டையைக் களைந்து, பெட்டியின் உலோகத்தை அடிக்கடி தொட்டு வேலை செய்தல் நன்று.

முதலில் படியெடுத்தல், பின்னரே பழுதுபார்த்தல்

இதுவரை கூறிய உறுப்புகள் அனைத்தும் கடையில் கிடைப்பவை. ஹார்டு டிஸ்க்கில் உள்ளவையோ கடையில் கிடைப்பவை அல்ல. திருமணப் புகைப்படங்கள், இறந்துபோன பெற்றோரின் குரல், பத்தாண்டுக் கணக்குகள், மாணவனின் ஆய்வேடு ஆகியவை அதில் மட்டுமே இருக்கக்கூடும். ஆதலின் அதைப் பொறுத்தவரை முறை தலைகீழானது. கணிப்பொறியை ஓடவைப்பது இரண்டாவது வேலை. உள்ளதை வேறிடத்தில் படியெடுத்துக்கொள்வதே முதல் வேலை.

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. படிக்கும் தலை அத்தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. மனிதத் தலைமயிரின் கனம் அதனினும் பல்லாயிரம் மடங்கு. அங்கே ஒரு தூசி விழுந்தாலும் அது பாறை விழுந்ததற்கு ஒப்பாகும். ஆகையால் ‘திறந்து பார்த்துவிடலாம்’ என்னும் ஆவல் இந்த ஓர் உறுப்பில் மட்டும் கூடவே கூடாது. டிக் டிக் என்னும் சீரான ஒலி அதிலிருந்து எழுந்தால், தலை தன் இடத்தைக் காணாமல் தவிக்கிறது என்று கொள்ள வேண்டும். உடனே அணைத்துவிட்டு, உள்ளவை விலைமதிப்பற்றவையாயின் தரவு மீட்கும் நிபுணரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் சிறிது இழக்கிறார்.

ஒலி எழாத டிஸ்க் நலமானது என்று முடிவு செய்வதற்கும் இல்லை. ‘ஸ்மார்ட்’ என்னும் தன்னறிக்கையை ஒவ்வொரு டிஸ்க்கும் எழுதி வைத்திருக்கிறது. அதைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. அதில் 5 என்றும் 197 என்றும் எண்ணிட்ட வரிகளைப் பார்க்க வேண்டும். முன்னது, கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. பின்னது, கெடும் நிலையில் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டும் பூஜ்யமாக இருப்பின் நன்று. நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பலாகாது.

படியெடுத்த பின் டிஸ்க்கை எஸ்.எஸ்.டி.யாக மாற்றுவதே, பழைய கணிப்பொறிக்குச் செய்யத்தக்க சிகிச்சைகளுள் மிகுந்த பலன் தருவது. இதைச் சிறு கணக்கால் விளக்கலாம். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்பது விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய பகுதி தலையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். தலை இடம் விட்டு இடம் நகர்வதற்கு மேலும் 8 அல்லது 9 மில்லி விநாடி. ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளில் விநாடிக்கு 80 அளவிலேயே அதனால் எட்டிப் பிடிக்க முடியும். கணிப்பொறி விழித்தெழும்போது படிக்க வேண்டிய சிறு துண்டுகளோ பல்லாயிரம். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை அது எடுத்துத் தரும். பல நிமிடம் எடுத்த தொடக்கம் அரை நிமிடத்துக்குள் முடிவதன் மர்மம் இதுவே. 2.5 அங்குல சாட்டா வகை எஸ்.எஸ்.டி., அதே வகை இணைப்பியுள்ள பழைய கணிப்பொறிகளில் மாற்றமின்றிப் பொருந்துகிறது. ஆனால் மின்சாரமின்றி நெடுங்காலம் பெட்டியில் வைத்துவிட்டால், அதனுள் சேமித்த மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியக்கூடும். குடும்பப் படங்களை எஸ்.எஸ்.டி.யில் மட்டும் இட்டு அலமாரியில் பூட்டுதல் தகாது. இரண்டாம் படி வேறு வகைச் சாதனத்தில் இருத்தல் வேண்டும்.

புதிய இயக்க மென்பொருள்

உடல் நலம் பெற்ற யந்திரத்துக்கு, பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் ஓர் இயக்க மென்பொருள் வேண்டும். லினக்ஸ் இனத்தைச் சேர்ந்த இலவச மென்பொருள்கள் இவ்விடத்தில் கைகொடுக்கின்றன. டெபியன் என்னும் தொகுப்பு தன்னார்வலர்களால் உலக அளவில் பேணப்படுகிறது. அதனை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்னும் தொகுப்பை இந்திய மொழிகள் பலவற்றின் வசதியோடு உருவாக்கியுள்ளது. கேரள அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிக் கூடங்கள் பல்லாண்டுகளாக இவ்வினத்து மென்பொருளைக் கொண்டே நடைபெற்று வருகின்றன. 4 ஜிகாபைட் நினைவகம் உள்ள பெட்டிக்கு, எக்ஸ்.எஃப்.சி.இ. அல்லது எல்.எக்ஸ்.கியூ.டி. போன்ற எளிய திரை அமைப்பைத் தேர்ந்தால், கடிதம் எழுதுதல், கணக்குத் தாள், இணைய உலாவல், காணொளி ஆகியவற்றுக்குக் குறைவிராது.

8 ஜிகாபைட் பென் டிரைவில் இதைப் பதிந்து, டிஸ்க்கைத் தொடாமலேயே சோதனையாக ஓட்டிப் பார்க்க இயலும் என்பது பெரிய வசதி. ஒலி வருகிறதா, வை-ஃபை பிடிக்கிறதா, அச்சுப்பொறி இயங்குகிறதா என்பவற்றை இந்நிலையிலேயே பார்த்துவிட வேண்டும். இறக்கிய கோப்பு வழியில் சிதைந்ததா என்று அறிய, தளத்தில் தரப்பட்ட ஷா-256 என்னும் 64 இலக்கக் குறியீட்டை ஒப்பிடுவதும் அவசியம். முன்னும் பின்னும் சில இலக்கங்களை மட்டும் பார்த்துத் திருப்தியடைவோர் பலர். கணிப்பொறியைக் கொண்டே முழுவதையும் ஒப்பிடுதல் எளிது.

ப்ராசஸர் 64 பிட் வகையா என்பதையும் முதலில் அறிய வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணிப்பொறிகளுக்கான நிறுவல் தொகுப்பை வெளியிடவில்லை. இத்தகைய மிகப் பழைய பெட்டிகளை இணையத்தில் இணைக்காமல், தட்டச்சுப் பயிற்சிக்கோ விளையாட்டுக்கோ வைத்துக்கொள்வது பொருந்தும். மேலும், சில கணக்கு மென்பொருள்களும் மின்னணுக் கையொப்பச் சாவிகளும் விண்டோஸில் மட்டுமே இயங்குவன. கடைக்காரர் ஒருவரின் வரிக் கணக்கு அதனை நம்பியிருப்பின், அவருக்கு லினக்ஸைப் பரிந்துரைப்பது உதவியாகாது.

மீட்ட கணிப்பொறிக்கு இணையமில்லாத பள்ளி ஓர் உகந்த இடம். கிவிக்ஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு கோப்பாக ஏற்றி, இணைப்பின்றியே படிக்கச் செய்யலாம். ஆனால் பழைய மேசைக் கணிப்பொறியை இரவும் பகலும் ஓடும் சேமிப்பகமாக்குவதில் சிக்கனம் இல்லை. 70 வாட் மின்சாரம் கொள்ளும் பெட்டி ஒன்று இடைவிடாது ஓடினால், மாதத்துக்கு 50 யூனிட் செலவாகிறது. 2012 முதல் விற்பனையிலுள்ள ராஸ்ப்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணிப்பொறி 6 வாட்டில் அவ்வேலையைச் செய்தால், செலவு 5 யூனிட்டுக்கும் குறைவே. பகலில் சில மணி நேரம் இயங்கும் வேலைகளுக்கே பழைய பெட்டி ஏற்றது.

மீட்க இயலாதவை

எல்லாப் பெட்டிகளும் பிழைப்பதில்லை. பிழைக்காதவற்றிலிருந்து ராம், விசிறி, கம்பிகள், திருகுகள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பழைய கண்ணாடிக் குழாய்த் திரையை மட்டும் திறத்தல் கூடாது. அதன் குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேலும் தேங்கியிருக்கக்கூடும், கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. மடிக்கணிப்பொறியின் உப்பிய லித்தியம் மின்கலத்தைக் குத்துதல், அழுத்துதல், மீண்டும் சார்ஜ் செய்தல் மூன்றும் தீயை வரவழைப்பன. அதைக் கழற்றி, எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, விரைவில் ஒப்படைத்துவிட வேண்டும்.

எங்கே ஒப்படைப்பது என்பது சிறு வினா அன்று. தில்லியின் சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்திலும், செம்புக்காகக் கம்பிகளை எரித்தும், பொன்னுக்காகப் பலகைகளை அமிலத்தில் இட்டும் பிழைப்பு நடத்தியோர் சுவாசித்த புகையும், ஆற்றங்கரையில் குவிந்த சாம்பலும் ஆய்வாளர்களால் பலமுறை பதிவு செய்யப்பட்டுள்ளன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், உற்பத்தியாளரின் பொறுப்பை வரையறுத்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் வழியாகவே கழிவு செல்ல வேண்டும் என்கின்றன. மின்கலங்களுக்கு 2022இல் தனி விதிகள் பிறந்தன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரின் விவரம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் உண்டு.

ஒப்படைக்கும் முன் ஹார்டு டிஸ்க்கைத் தனியே கழற்ற வேண்டும். கோப்புகளை நீக்குவதால் அவை அழிவதில்லை. பொருளடக்கத்திலிருந்து பெயர் மட்டுமே நீங்குகிறது. டிஸ்க் முழுவதன் மீதும் ஒருமுறை வேறு எண்களை எழுதிவிட்டால் போதும். எஸ்.எஸ்.டி.யாயின், அதன் தயாரிப்பாளர் தரும் அழிப்பு மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். எழுதவும் இயலாதபடி கெட்டுப்போன டிஸ்க்கில் தட்டுகள் வரை செல்லுமாறு நான்கைந்து துளைகள் இட்டு ஒப்படைப்பது வழக்கம். சில மாதிரிகளில் அத்தட்டு கண்ணாடியால் ஆனதாதலின், துளையிடுபவர் கண்ணாடிக் கவசம் அணிதல் வேண்டும்.